தீ தாங்கும் பெட்டகம்: தேர்ந்தெடுப்பதிலிருந்து தீக்குப் பின் திறப்பது வரை

கடையில் பெட்டகத்தின் பக்கவாட்டில் விரலை மடக்கித் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் அது வெறும் இரும்புத் தகடு. தீப்பிடித்த வீட்டில் அது அடுப்பாகத்தான் மாறும். சுவரைத் தட்டியதுபோல் மொத்தென்று அடங்கினால், இரண்டு தகடுகளுக்கு நடுவே ஏதோ நிரப்பியிருக்கிறார்கள் என்று பொருள். நாம் பணம் கொடுத்து வாங்குவது அந்த 'ஏதோ'வைத்தான். இரும்பு அதற்கு ஓர் உறை, அவ்வளவே.

நான் முதலில் வாங்கியது கணீர் ரகம். கனமான கைப்பிடி, பளபளக்கும் எண்பலகை எல்லாம் பார்த்து மயங்கிப்போனேன். மூன்று ஆண்டுகள் வீட்டுப் பத்திரத்தை அதற்குள் வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன். அது திருடனுக்கான பெட்டி, தீக்கானது அல்ல என்பது பிறகுதான் உறைத்தது. நீங்கள் அந்த மூன்று ஆண்டுகளை மிச்சப்படுத்தலாம்.

அது எப்படி வேலை செய்கிறது?

உள்ளே நிரப்புவது பெரும்பாலும் ஜிப்சம், அல்லது நீரைப் பிடித்துவைத்திருக்கும் ஒருவகைக் கான்கிரீட் கலவை. ஜிப்சத்தைக் கையில் எடுத்தால் காய்ந்த சுண்ணாம்புக் கட்டிபோல்தான் இருக்கும். ஆனால் அதன் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், படிகத்துக்குள் கட்டுண்டு கிடக்கிறது. வெளியே சூடு ஏறியதும் அந்தத் தண்ணீர் பிரிந்து ஆவியாகும். வருகிற வெப்பத்தை அந்த வேலையே தின்றுவிடும். அடுப்பில் வைத்த பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பிடிக்காது அல்லவா, அதே கதைதான். கதவைச் சுற்றி ஓடும் ஒரு பட்டை சூட்டில் பல மடங்கு உப்பி, இடுக்கை அடைத்துவிடும்.

இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். தண்ணீர் தீர்ந்தால் பாதுகாப்பும் தீர்ந்தது. ஆகவே எரியாத பெட்டகம் என்று உலகில் எதுவும் கிடையாது, இத்தனை நிமிடம் தாங்கும் பெட்டகம் என்றுதான் உண்டு. ஒருமுறை தீயில் மாட்டியது மறுமுறைக்கு உதவாது. அப்புறம், அந்த ஆவியில் ஒரு பகுதி உள்ளேயும் புகும் என்பதால், தீயிலிருந்து தப்பிய காகிதம் நனைந்திருக்கும்.

1. முதலில் பட்டியல், பிறகு பெட்டகம்

கடைக்குப் போகுமுன் எதையெல்லாம் உள்ளே வைக்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள். ஒவ்வொரு பொருளும் தாங்கும் சூடு வேறு. காகிதம் 177 டிகிரி செல்சியஸ் வரை பிழைத்துக்கொள்ளும் என்பது சோதனைக் கூடங்களின் கணக்கு. காந்த நாடாவுக்கும் புகைப்படச் சுருளுக்கும் எல்லை 66 டிகிரி. பழைய ஃபிளாப்பி போன்றவற்றுக்கு 52 டிகிரிதான். ஹார்ட் டிஸ்க், பென் டிரைவ் வைப்பவர்கள் காகிதத்துக்கான பெட்டகத்தை நம்பக் கூடாது. காகிதம் தப்பித்த அதே பெட்டகத்துக்குள் பிளாஸ்டிக் வளைந்துபோன டிரைவ் கிடக்கலாம். மின்னணுக் கோப்புகளுக்கு என் யோசனை வேறு: இன்னொரு பிரதியை வேறொரு இடத்தில் வையுங்கள். எந்தப் பெட்டகத்தையும்விட அது பெரிய பாதுகாப்பு.

தங்கம் உருக 1,064 டிகிரி வேண்டும், வெள்ளிக்கு 962. நல்ல பெட்டகத்துக்குள் அவற்றுக்குப் பயமில்லை, திருடனைத் தவிர. முத்து அப்படியல்ல, சூட்டிலும் மங்கும், மிகவும் வறண்ட காற்றிலும் கெடும்.

பலரும் கவனிக்காத ஒன்று: இயந்திரத்திலிருந்து வழவழவென்று வரும் ரசீதுகள். அவற்றில் மை கிடையாது. காகிதமே சூட்டில் கறுக்கும் வகை. 177 டிகிரி வேண்டாம், 100 டிகிரிக்குள்ளாகவே அவை முழுக்கக் கறுத்துவிடும். காகிதம் எரியாமல் முழுசாக இருக்கும், ஆனால் அதில் ஒரு எழுத்துகூட மிஞ்சாது. நகை வாங்கிய ரசீது, உத்தரவாதச் சீட்டு இந்த வகையில் இருந்தால் நகலெடுத்து நகலையும் வையுங்கள்.

2. ஒட்டியிருக்கும் சீட்டைப் படிப்பது

விற்பவர் சொல்வதைவிடக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் சீட்டு முக்கியம். அதில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: யார் சோதித்தார்கள், எந்த நெறிப்படி (அதாவது எந்தச் சோதனைத் தர விதிப்படி), எத்தனை நிமிடம்.

அமெரிக்க நெறியான யூ.எல். 72-இல் 'கிளாஸ் 350, 1 மணி' என்று எழுதியிருக்கும். 350 என்பது ஃபாரன்ஹீட் கணக்கு. செல்சியஸில் நாம் மேலே பார்த்த 177. உலைக்குள் பெட்டகத்தை வைத்து, ஒரு மணி நேரத்தில் உலையின் சூட்டை 927 டிகிரி செல்சியஸ் வரை ஏற்றுவார்கள். அத்தோடு முடிவதில்லை. உலையை அணைத்த பிறகும் பெட்டகத்தை உள்ளேயே விட்டுவைப்பார்கள், ஏனென்றால் சுவருக்குள் ஊறிய சூடு அதற்கப்புறமும் உள்நோக்கி வந்துகொண்டிருக்கும். உட்புறச் சூடு இறங்கத் தொடங்கும்வரை 177-ஐத் தொடாமல் இருந்தால்தான் தேர்ச்சி. 'கிளாஸ் 150', 'கிளாஸ் 125' என்பவை முறையே நாடா, ஃபிளாப்பி வகைகளுக்கு. அவற்றில் உள்ளே ஈரப்பதம் எவ்வளவு ஏறலாம் என்பதற்கும் வரம்பு உண்டு.

ஐரோப்பாவில் எளிய வகைகளுக்கு இ.என். 15659, சீட்டில் 'எல்.எஃப்.எஸ். 30 பி', 'எல்.எஃப்.எஸ். 60 பி' என்று வரும். அதைவிடக் கடுமையான சோதனை இ.என். 1047-1, 'எஸ் 60 பி', 'எஸ் 120 பி' என்று குறிப்பார்கள். எண் நிமிடத்தைக் குறிக்கிறது, 'பி' காகிதத்தை, 'டி.ஐ.எஸ்.' என்றிருந்தால் அது கணினித் தட்டுகளுக்கு. வட ஐரோப்பிய நாடுகளின் என்.டி. ஃபயர் 017-உம், ஜப்பானின் ஜே.ஐ.எஸ். எஸ் 1037-உம் நம்பத்தக்கவைதான்.

ஒரு சொல் விளையாட்டைக் கவனியுங்கள். 'இந்த நெறியின்படி தயாரிக்கப்பட்டது' என்பதும் 'இந்த நெறியில் சான்று பெற்றது' என்பதும் ஒன்றல்ல. முதலாவதை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். வெறும் 'ஃபயர்ப்ரூஃப்' என்று மட்டும் போட்டு, நிமிடமும் வெப்பநிலையும் சொல்லாத பெட்டியை அப்படியே வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

3. எத்தனை நிமிடம் போதும்?

சந்தேகமாக இருந்தால் 60 நிமிடம். அரை மணி நேரப் பெட்டி, தீயணைப்பு வண்டி சீக்கிரம் வந்துவிடும் இடத்தில், எரியக்கூடிய சாமான் குறைவாக உள்ள அறையில் போதுமானதாக இருக்கலாம். ஆனால் தீ அணைந்த பிறகும் இடிந்து விழுந்த குப்பை மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அந்தக் கனலுக்குள் புதைந்த பெட்டகத்துக்கு அரை மணி என்பது குறைவு. மரத்தில் கட்டிய வீடு, தொலைவான இடம் என்றால் இரண்டு மணி நேர வகையைப் பாருங்கள்.

மாடியில் வைப்பவர்கள் இன்னொரு குறிப்பையும் தேட வேண்டும்: விழுந்து தாங்கும் சோதனை. யூ.எல். முறையில் சுட்ட பெட்டகத்தைச் சுமார் 9 மீட்டர் உயரத்திலிருந்து போட்டு, மறுபடியும் சுடுவார்கள். தளம் எரிந்து இடிந்தால் பெட்டகம் கீழே வரும் அல்லவா, அதற்குத்தான்.

தீயோடு தண்ணீரும் வரும். தீயணைப்புக் குழாய் ஒரே நிமிடத்தில் நூற்றுக்கணக்கான லிட்டரைக் கொட்டும். நீர் புகாத தன்மை தனியாகச் சோதிக்கப்பட்டதா என்று பாருங்கள். தீச் சான்று இருப்பதாலேயே அதுவும் இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

4. திருடன் வேறு, தீ வேறு

தீக்கான பெட்டகத்தின் வெளித்தகடு மெல்லியதாகவே இருக்கும், நிரப்பியதோ உதிரக்கூடிய பொருள். ஒரு கடப்பாரையும் சற்று நேரமும் இருந்தால் போதும். திருட்டுக்கான பெட்டகத்தில் எஃகு தடிமன், அந்த எஃகே சூட்டை நேராக உள்ளே கடத்தும். நகையும் பத்திரமும் ஒரே பெட்டியில் என்றால் இரண்டு சான்றும் வேண்டும். திருட்டுக்கு இ.என். 14450-இல் 'எஸ் 1', 'எஸ் 2' என்றும், அதற்கு மேல் இ.என். 1143-1-இல் 0-இலிருந்து தொடங்கும் தரங்களும் உண்டு. யூ.எல். முறையில் வீட்டு வகைக்கு ஆர்.எஸ்.சி.; அதற்கு மேலே டி.எல். 15, அதாவது கதவின் மேல் கருவிகளோடு 15 நிமிடம் முட்டிமோதியும் திறக்கவில்லை என்று பொருள்.

இரண்டும் சேர்ந்த பெட்டகம் கனமும் அதிகம், விலையும் அதிகம். ஒத்துவராவிட்டால் ஒரு குறுக்குவழி இருக்கிறது: உறுதியான திருட்டுப் பெட்டகத்துக்குள் சிறிய தீப் பெட்டி ஒன்றை வைப்பது. தீப்பெட்டி என்று எழுதினால் வேறு பொருளாகிவிடும் என்பதால் இடைவெளி விட்டிருக்கிறேன்!

5. அளவு

வெளியளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். சுவரே ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் நான்கு பக்கமும் சேர்த்து எவ்வளவு போகும் என்று பாருங்கள். ஏ4 தாள் 21-க்கு 29.7 சென்டிமீட்டர், கோப்புறையோடு வைக்க உள்ளே ஒரு பக்கமாவது 33 சென்டிமீட்டர் வேண்டும். நீளமான 'லீகல்' தாள் என்றால் 35.6. உங்கள் மிகப் பெரிய ஆவணத்தைக் கையோடு கடைக்கு எடுத்துப்போவது வெட்கப்பட வேண்டிய காரியம் அல்ல. பட்டியலில் உள்ளதைப்போல் இரு மடங்கு இடம் எடுத்துக்கொள்ளுங்கள், காகிதம் பெருகும் பொருள்.

6. பூட்டு

சாவிப் பூட்டு எளிது, கெடாது. சாவியை ஒளித்துவைப்பதுதான் தலைவலி. சுழற்று எண் பூட்டுக்குப் பேட்டரி வேண்டாம், பல்லாண்டு உழைக்கும், திறக்கப் பொறுமை வேண்டும். எண்பலகைப் பூட்டுதான் இன்று அதிகம். விரல்ரேகைப் பூட்டில் ஈரக் கையும், வயதானவர்களின் தேய்ந்த ரேகையும் சிக்கல் தரும்.

எண்பலகை வாங்கினால் இரண்டு சோதனை செய்யுங்கள். பேட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கவோ பேட்டரி மாற்றவோ வழி உண்டா என்று கேளுங்கள். பிறகு, பூட்டிய நிலையில் மேற்புறத்தைக் கைமுட்டியால் ஓங்கிக் குத்தியபடி கைப்பிடியைத் திருப்பிப் பாருங்கள். மலிவான சில பூட்டுகளில் உள்ளிருக்கும் சிறு தாழ் அந்த அதிர்வில் துள்ளி, கதவு திறந்துகொள்ளும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

7. இடம்

சமையலறைக்கும், எரிபொருள் வைக்கும் இடத்துக்கும் தூரமாக, தரைத்தளத்தில், இரண்டு வெளிச்சுவர்கள் சேரும் மூலை நல்ல இடம். தீயின் கடுமை பெரும்பாலும் அறையின் நடுவிலும் மேலேயும்தான். துணி அடுக்கிய அலமாரிக்குள் மறைத்துவைப்பது கண்ணுக்கு நல்லது, தீக்கு விறகு. நிலவறையில் வைத்தால் வெள்ளம் வரும். செங்கல் மேடை கட்டித் தூக்கி வையுங்கள்.

எடையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு தளம் தாங்குமா என்று பாருங்கள். சிறியதே இரண்டு ஆள் தூக்கும் கனமாக இருக்கும். பெரியதைத் தூக்க முயலாமல் உருளைக் குழாய்களின் மேல் நகர்த்துங்கள், படிக்கட்டு என்றால் ஆள் வைத்துக்கொள்ளுங்கள். நகரும்போது சரிந்தால் கால் போய்விடும்.

தரையோடு திருகிப் பூட்டுவது நல்லது, ஆனால் தயாரிப்பாளரே விட்டிருக்கும் துளை வழியாக மட்டும். நீங்களாகத் துளைபோட்டால் நெருப்புக்கு வாசல் திறந்துவிட்டதாக அர்த்தம். 2011 மார்ச்சில் ஜப்பானைத் தாக்கிய ஆழிப்பேரலைக்குப் பின் வீடுகளிலிருந்து அடித்துச்செல்லப்பட்ட ஆயிரக்கணக்கான பெட்டகங்கள் கரையோரக் குப்பைகளிலிருந்து காவல்துறையிடம் வந்துசேர்ந்தன. உள்ளே இருந்த வங்கிப் புத்தகங்களையும் பெயர்களையும் வைத்துத்தான் உரியவர்களைத் தேடினார்கள். உங்கள் பெட்டகத்துக்குள்ளும் பெயர், தொடர்பு விவரம் எழுதிய ஒரு சீட்டு இருக்கட்டும். பென்சிலில் எழுதுங்கள், நனைந்தாலும் கரையாது.

8. முதல் நாள்

கதவைத் திறந்து வைத்துக்கொண்டே, உள்ளே ஒன்றும் வைக்காமல், இவற்றைச் செய்யுங்கள். ஆலை வைத்த எண்ணை மாற்றுங்கள். திறந்த கதவில் தாழை வெளியே தள்ளி, புது எண்ணைப் போட்டு உள்ளே இழுங்கள். இதைப் பத்துத் தடவை செய்து பாருங்கள். பிறகுதான் கதவை மூடுவது. பிறந்த தேதியும் வீட்டு எண்ணும் வேண்டாம்.

அவசரச் சாவியை எடுத்துப் பெட்டகத்துக்குள்ளேயே போட்டுப் பூட்டுகிறவர்கள் எத்தனை பேர் தெரியுமா! பாதுகாப்பான இடம் எது என்று யோசிக்கும்போது கை தானாக அங்கேதான் போகும். சாவி வீட்டுக்கு வெளியே, நம்பகமான ஒருவரிடம் இருக்கட்டும். எண்ணும் உங்களைத் தவிர இன்னொருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். உயில் உள்ளே, எண் இறந்தவர் தலைக்குள் என்றால் அந்தப் பெட்டகத்தால் யாருக்கும் பயனில்லை.

9. அடுக்குவது

பாலித்தீன் உறை சுமார் 110 டிகிரியில் உருகும். பெட்டகத்துக்குள் 177 வரை போகலாம் என்று சான்றே சொல்கிறது. ஆக, 'பத்திரமாக' நெகிழி உறையில் போட்ட பத்திரம் உறையோடு ஒட்டிப் போய்விடும். லேமினேட் செய்ததும் அப்படித்தான் சுருளும். கெட்டிக் காகித உறையில் போட்டு, அந்த உறைகளை சிலிகான் பூசிய கண்ணாடி இழைப் பைக்குள் வைப்பது என் பழக்கம். அந்தப் பை தனியாகத் தீயைத் தாங்கும் என்று விற்பார்கள், நம்ப வேண்டாம். பெட்டகத்துக்குள் ஈரத்தைத் தடுக்கும் இரண்டாவது சட்டையாக மட்டும் நல்லது.

தாள்களை நெருக்கி அடுக்குங்கள், தளர்வான ஒற்றைத் தாள் முதலில் கருகும். முக்கியமானவை நடுவில், சுவரைத் தொடும் இடத்தில் பதிலி எளிதாகக் கிடைப்பவை. பிறப்புச் சான்று, திருமணச் சான்று, சொத்துப் பத்திரம், காப்பீட்டுப் பத்திரம், உயில் உள்ளே. தினமும் எடுப்பதை வெளியே வையுங்கள். இல்லாவிட்டால் கதவைப் பூட்டாமல் விடும் பழக்கம் வந்துவிடும். துப்பாக்கி ரவை, தீப்பற்றும் திரவம், அழுத்தமேற்றிய குப்பி எதுவும் உள்ளே போகக் கூடாது. வீட்டுச் சாமான்களை அறை அறையாகப் படமெடுத்து அந்தப் பிரதியையும், மேலே சொன்னபடி, வேறோர் இடத்தில் வையுங்கள். காப்பீடு கேட்கும்போது கை கொடுக்கும்.

10. பராமரிப்பு

சுவருக்குள் தண்ணீர் இருக்கிறதே, அது சாதாரண நாள்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே கசியும். என் இரண்டாவது பெட்டகத்தை ஏழு மாதம் திறக்காமல் விட்டுவிட்டேன். திறந்தபோது ஈர மண் வாசனை. பத்திரத்தின் மூலையைப் பிடித்தால் துணிபோல் துவண்டது. ஸ்டேப்ளர் பின் இருந்த இடத்தில் பழுப்பாக இரண்டு கோடுகள், பின்பக்கத் தாள்வரை இறங்கியிருந்தன. அன்று முதல் எல்லாப் பின்களையும் கழற்றிவிட்டேன். இப்போது ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இருக்கின்றன, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கதவை இருபது நிமிடம் திறந்துவைக்கிறேன். நிறம் மாறும் ஜெல் வாங்கினால் எப்போது மாற்ற வேண்டும் என்று அதுவே சொல்லும். கைக்கடிகாரம், கேமரா லென்ஸ் இவற்றை இங்கே வைக்காமலிருப்பதே மேல்.

எண்பலகை பேட்டரியை ஆண்டுக்கு ஒருமுறை, தீராவிட்டாலும் மாற்றுங்கள். ஆல்கலைன் வகையே போடுங்கள். கதவின் உப்பும் பட்டை கிழிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அதன் மேல் பெயின்ட் பூசக் கூடாது.

11. தீக்குப் பிறகு

தீயணைப்பு வீரர்கள் அனுமதிக்கும்வரை உள்ளே போகாதீர்கள். பெட்டகம் எங்கே இருக்கிறது என்று அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

கிடைத்ததும் திறக்கத் துடிக்கும். திறக்காதீர்கள். உள்ளே காகிதம் எரியும் நிலையை நெருங்கியிருந்து, காற்று மட்டும் இல்லாததால் எரியாமல் இருக்கலாம். கதவைத் திறந்ததும் காற்று புகும், கண்முன்னே பற்றிக்கொள்ளும். 1906 ஏப்ரல் 18-இல் சான் பிரான்சிஸ்கோவில் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்து பெருந்தீயும் வந்தபோது, வங்கிகள் தங்கள் பெட்டக அறைகள் குளிரும்வரை நாள்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. ஏ.பி. ஜியானினி என்ற வங்கியாளர் தன் பணத்தை முன்கூட்டியே வண்டியில் மறைத்து ஊருக்கு வெளியே கொண்டுபோயிருந்ததால், மற்றவர்கள் காத்திருந்த நாள்களில் துறைமுகத்தில் ஒரு பலகையைப் போட்டுக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வெளிப்புறம் கைக்குக் குளிர்ந்த பிறகும் முழுதாக ஒரு நாள் விடுங்கள். தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்கக் கூடாது. எண்பலகை உருகியிருக்கும், சாவித்துளை அடைத்திருக்கும். பூட்டுத் தொழிலாளியை வைத்துத் திறப்பதே வழக்கம்.

நனைந்த தாள்களைப் பிரிக்க முயலாதீர்கள், கிழியும். இரண்டு நாளைக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். உடனே உலர்த்த முடியாவிட்டால் கட்டாகவே உறையில் சுற்றி உறைபதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். பூஞ்சை நிற்கும், ஆவணப் பராமரிப்பாளர்கள் பின்னர் நிதானமாக உலர்த்துவார்கள். கருகிய தாளைத் தொடும் முன், கிடந்தபடியே படமெடுங்கள்.

காலியான பெட்டகத்தைப் பழைய இரும்புக்குப் போடுங்கள். பெயின்ட் அடித்தால் புதிதுபோல் இருக்கும், சிலர் விற்கவும் செய்வார்கள். பழைய பெட்டகம் வாங்குகிறவர்கள் கதவின் உள்ளோரத்தில் புகை வாசனையும், உப்பிக் காய்ந்த பட்டையும் இருக்கிறதா என்று முகர்ந்தும் தடவியும் பார்க்க வேண்டும். மிகப் பழையது என்றால் நிரப்பியதில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு, அதைத் துளைக்கவோ உடைக்கவோ வேண்டாம்.